வீட்டில் தேனீ கூடு கட்டினால்: குமரி எல்லைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

களியக்காவிளை, அருமனை, மேல்புறம், குலசேகரம் என்று கேரள எல்லையை ஒட்டின ஊர்களில் புதிதாக வீடு கட்டி வருகிறவர்கள் மார்கழி, தை வாக்கில் எப்படியும் ஒரு தடவை இதைக் கேட்டுவிடுவார்கள்: சன்ஷேடுக்கு அடியில் தேனீ வந்து அப்பியிருக்கிறது, என்ன செய்ய? வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுற்றிலும் ரப்பர் விளை. ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது, மூன்று இலைகளும் சேருகிற காம்பு நுனியில் தேன் சுரக்கும். பூவைவிட அந்தத் தளிர்த் தேனுக்குத்தான் இங்கே ஈக்கள் அலைகின்றன. ஜனவரியில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை அந்த வரத்து. அதற்கு முன்னாலேயே கூடுகள் பெருகி, குடி பிரிந்து, பாதி ஈக்கள் இராணியோடு புது இடம் தேடிக் கிளம்பிவிடும். உங்கள் வீடு அந்தப் பாதையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் யாராவது பழைய சாக்கையும் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தயவுசெய்து அவர்களைத் தடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்தால் போதும்: தீ வேண்டாம், கம்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம், கரப்பான் மருந்து ஸ்பிரே வேண்டாம், ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சவும் வேண்டாம்.

அதற்குப் பதில் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். கட்டிப்போட்ட நாய், ஆடு, மாடு அந்தப் பக்கம் இருந்தால் சத்தமில்லாமல் அவிழ்த்து வீட்டின் மறுபக்கம் கொண்டுபோங்கள். ஈ துரத்தினால் நாம் ஓடிவிடலாம், கயிற்றில் கிடக்கிற மாடு ஓட முடியாது. அப்புறம் பத்துப் பதினைந்து அடி தள்ளி, கூட்டுக்கு நேர் முன்னால் இல்லாமல் பக்கவாட்டில் நின்று, போனில் ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள். வந்திருப்பது யார் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

வந்திருப்பது யார்

நம் பக்கம் வீட்டையும் விளையையும் தேடி வருகிறது பெரும்பாலும் நாலு சாதித் தேனீ. இந்த நாலில் சேராத இரண்டு மூன்று பேரையும் சேர்த்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் ஆட்களைப் பயமுறுத்துவது அனேகமாக அவர்கள்தான்.

உயரத்தில், திறந்த வெளியில், ஒரே ஒரு பெரிய தேனடை தொங்குகிறதா? அயினி மரக்கிளை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், மூன்றாம் மாடி சன்ஷேடு மாதிரி இடங்களில் அரை மீட்டர், ஒரு மீட்டர் அகலத்துக்கு, சில சமயம் அதற்கும் மேல், கறுப்பாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. பெருந்தேனீ என்றும் சொல்வார்கள். அடையே கண்ணுக்குத் தெரியாது, ஈக்கள்தான் அதன்மேல் அடுக்கடுக்காக மூடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் குளவியோ பறவையோ பறந்தால் மேலிருக்கிற ஈக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கும். காற்றடித்த நெல்வயலில் ஓடுகிற அலை அப்படியே அந்தக் கூட்டின்மேல் ஓடும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பொருள் ஒன்றுதான்: கிட்டே வராதே.

செடிக்குள்ளே, இடுப்பளவு உயரத்தில், ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை இருந்தால் அது கொம்புத்தேனீ. செம்பருத்தி, மருதாணி, எலுமிச்சை, வேலிப் படல் இதிலெல்லாம் கட்டும். ஈ சின்னது, கோபமும் குறைவு.

கூடே தெரியவில்லை, சுவரில் ஒரு பொத்தல் வழியாக ஈக்கள் போய்வருகின்றன என்றால் அது அடுக்குத் தேனீ. இந்தியத் தேனீ என்று புத்தகங்களில் இருப்பது இதுதான், மார்த்தாண்டத்துக்காரர்கள் பெட்டியில் வளர்ப்பதும் இதுதான். வெட்டுக்கல் சுவரின் இடுக்கு, ஓட்டு வீட்டின் தட்டுப்பலகை, மரப்பொந்து, கைவிட்ட கறையான் புற்று, கவிழ்த்துப்போட்ட பானை, மீட்டர் பெட்டி என்று இருட்டும் அடைப்பும் உள்ள எந்த இடமும் சரி. உள்ளே ஏழெட்டு அடைகள் வரிசையாகத் தொங்கும். வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் பின்னங்காலில் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் மகரந்த உருண்டை சுமந்து வருகிறவை தெரியும். மகரந்தம் உள்ளே போகிறது என்றால் புழு வளர்கிறது, அதாவது வந்த கூட்டம் குடும்பமாகிவிட்டது.

அதே மாதிரி சுவர்தான், ஆனால் பொத்தலில் இருந்து கரும்பழுப்பு நிறத்தில் பிசினால் செய்த குட்டிக் குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கொசு அளவுக்கு ஈக்கள் அதன் வாயில் காவல் நிற்கின்றன என்றால் சந்தோஷப்படுங்கள். அது சிறுதேனீ, கொசுத்தேனீ என்றும் பெயர். அதற்குக் கொட்டவே தெரியாது.

இனி மற்றவர்கள். சாம்பல் நிறத்தில், காகிதம் மாதிரி உறை மூடிய பெரிய உருண்டை, ஒரே ஒரு வாசல், உள்ளே பெரிய உடம்பும் வயிற்றில் மஞ்சள் பட்டையுமாக இருந்தால் அது கடந்தை. தேனீயே இல்லை, பெரிய குளவி. தேனீக்குக் கொடுக்கில் முள் இருப்பதால் நம் தோலில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை கொட்டியதோடு செத்துப்போகும்; கடந்தைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, திரும்பத் திரும்பக் கொட்டும். ஜன்னல் மூலையில் மண் அப்பின கூடு வேட்டுவக் குளவியுடையது, அதை விட்டுவிடுங்கள். கூரை தாங்கும் கழுக்கோலிலோ காய்ந்த மூங்கிலிலோ துரப்பணம் போட்ட மாதிரி வட்டமான ஓட்டை, அடியில் மரத்தூள், கறுத்துப் பெரிதாக ஒன்று உறுமிக்கொண்டு சுற்றுகிறது என்றால் அது தச்சன் தேனீ. தனியாக வாழ்வது. பார்க்கத்தான் முரடு.

கிளையில் கொத்தாகத் தொங்கினால்: பொறுங்கள்

திடீரென்று ஒரு மத்தியானம் வானம் இரைந்து, ஆயிரக்கணக்கில் ஈக்கள் வந்து மாங்கிளையில் கொத்தாக ஒட்டிக்கொண்டால், அடை எதுவும் இல்லையென்றால், அது கூடு கிடையாது. குடி பிரிந்து வந்த கூட்டம், இளைப்பாறுகிறது. வேவு பார்க்கும் ஈக்கள் நாலா திசையும் போய் இடம் பார்த்துவிட்டு வந்து, கொத்தின்மேல் ஆடிக் காட்டித் திசையும் தூரமும் சொல்லும்; முடிவானதும் எல்லாம் சேர்ந்து எழும்பிப் போய்விடும். சில மணி நேரம் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். கிளம்பும்போது வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருக்கும், காப்பாற்ற வேண்டிய குஞ்சோ தேனோ அங்கே கிடையாது, அதனால் இருக்கிற நிலைகளிலேயே தேனீ மிகவும் சாந்தமாக இருக்கிற நேரம் இதுதான். ஆனாலும் ஆட்கள் தீ வைப்பது அனேகமாக இந்த நேரத்தில்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூட்டம் அடுக்குத் தேனீயாக இருந்தால் தேன்பெட்டிக்காரரைக் கூப்பிடுங்கள், சாயங்காலம் வந்து ஒரு பையிலோ கூடையிலோ தட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கொம்புத்தேனீக்கும் இதே பதில்தான், பொறுமை. அந்தச் செடியை இப்போதைக்குக் கவாத்து செய்யாதீர்கள், துணி காயப்போடும் கயிற்றை வேறு பக்கம் கட்டுங்கள். இரை குறைந்தாலோ யாராவது தொந்தரவு செய்தாலோ அதுவே அடையை விட்டுவிட்டுப் போகும். நடைபாதையில் முகத்துக்கு நேராக இருந்தால் மட்டும் பழகின ஆள் வந்து, இருட்டினதும், அந்தக் குச்சியை அப்படியே வெட்டிப் பத்தடி தள்ளி வேறு செடியில் கட்டிவைப்பது உண்டு.

மலைத்தேனீயா, நீங்கள் தொடவே கூடாது

இதில் வாதமே கிடையாது. ஒரு கூட்டில் பல்லாயிரம் ஈக்கள், ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை விட்டுப்போகும், பழுத்த வாழைப்பழ மணத்தில் இருக்கும் பொருள்தான் அதில் முக்கியமானது, அதை மோந்து மற்றவை அதே இடத்துக்கு வரும். அதனால்தான் உடம்பில் உட்கார்ந்த தேனீயை நசுக்கக் கூடாது என்று சொல்வது.

ஆளில்லாத மரத்தில், உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். பூக்காலத்தில் வந்து தங்கும், மழை பிடிக்கும் முன்னால் கூண்டோடு கிளம்பிவிடும். அதுவரை அந்த மரத்தடியில் பட்டாசு, குப்பை எரிப்பு, காடு வெட்டுகிற மெஷின் மூன்றும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: ரப்பர் விளையில் புல் வெட்டும் மெஷினோடு இறங்குகிறவருக்குக் காதில் வேறெதுவும் விழாது, மெஷினின் அதிர்வும் சத்தமும் ஈயைக் கிளப்பிவிடும், அவருக்குத் தெரியும்போது ஈ சட்டைக்குள் இருக்கும். வேலைக்கு ஆள் வரும் முன்னால் நீங்கள் ஒரு சுற்று நடந்து மரத்தையெல்லாம் அண்ணாந்து பாருங்கள். தேங்காய் வெட்ட ஆள் ஏறும் முன்னாலும் அப்படித்தான், தென்னங்கொண்டையில் கடந்தையும் இருக்கும்.

சில சமயம் யாரும் ஒன்றும் செய்யாமலே கூடு கலையும். தேன்பருந்து வந்து அடையைக் கொத்தும், பருந்து பறந்துபோகும், கோபம் மட்டும் கீழே நிற்கிறவர்கள்மேல் இறங்கும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: முகத்தைத் துணியாலோ கையாலோ மூடிக்கொண்டு, கையை வீசாமல், நேராக ஓடி ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது. காரும் சரிதான். கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள், மேலே வந்து மூச்சு விடும்வரை ஈக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, படிக்கட்டுக்கு மேல், வயதானவர் படுக்கும் அறை ஜன்னல் என்று ஆள் நடமாட்டம் தவிர்க்க முடியாத இடமென்றால் எடுக்கத்தான் வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் கூப்பிடலாம், எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே எண்தான். பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிக்காரப் பழங்குடியினரில் மலைத்தேன் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் புகை காட்டி ஈயை நகர்த்தி, அடையை அறுத்து இறக்குவார்கள். அவர்களைக் கூப்பிட்டால் எரிக்காமல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கூடு போன பிறகு ஒட்டிக்கிடக்கும் மெழுகைச் சுரண்டித் துடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு வர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, விளக்கு. மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கும், அதனால் ராத்திரி நம் குழல்விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்து தரையில் விழும், காலையில் வெறுங்காலோடு மிதித்துக் கொட்டு வாங்குவது பிள்ளைகள். கூடு பக்கத்தில் இருக்கும் மாதங்களில் வெளி விளக்கை அணையுங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள், எழுந்ததும் தரையைக் கூட்டுங்கள்.

சுவருக்குள் அடுக்குத் தேனீ

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

முதலில் இருக்கட்டுமா என்று யோசியுங்கள். பின்பக்கச் சுவர், ஆள் போகாத மூலை, வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் முருங்கை, பாகல், பூசணி, தென்னை எல்லாம் அதனால் நன்றாகக் காய்க்கும். இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. 1991, 92 வாக்கில் சாக்புரூட் (sacbrood) என்கிற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் பரவி, புழுக்கள் தண்ணீர்ப்பையாக மாறிச் செத்து, பெட்டிகளில் பெரும்பகுதி காலியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு பெட்டி வைத்திருந்த ஊர்களில் தேன் தொழிலே நின்றது. அப்புறம் மெல்ல மீண்டது, யார் கவனிப்பும் இல்லாமல் பொந்திலும் சுவரிலும் பிழைத்துக் கிடந்த கூடுகளும் அதற்கு உதவின. ஆகவே சுவருக்குள் தானாக வாழ்கிற ஒரு கூட்டைப் பூச்சிமருந்து அடித்துக் கொல்வதற்கு முன்னால் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

மருந்து அடித்தால் வீட்டுக்கும் நல்லதில்லை. உள்ளே செத்த ஈயும் புழுவும் அழுகி நாறும். விசிறிக் காற்றடித்து அடையைக் குளிர்ச்சியாக வைத்திருந்த ஈக்கள் இல்லாமல் பங்குனி வெயிலில் மெழுகு இளகித் தேன் சுவரில் ஒழுகும், எறும்பு சாரை கட்டும். பக்கத்து வீட்டுப் பெட்டித் தேனீக்கள் அந்த விஷத் தேனைத் திருடிக்கொண்டு போய் அவையும் சாகும்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் பெட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். வேறு மாவட்டத்தில் இது பெரிய தேடல், நமக்கு அப்படியில்லை. 1910-களில் திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கென்று ஒரு பெட்டி வடிவமைத்துப் பழக்கிக்கொடுத்தார். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேன்பெட்டியை இந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இங்கே எந்த ஊரிலும் இருப்பார்கள். தேன் கடையில் கேளுங்கள், மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள், திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளாயணி வேளாண் கல்லூரி இருக்கிறது. கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், சுவர் உடைக்கிற கொத்தனார் செலவு தனி என்பதையும்.

அவர் செய்வதை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் கூட நின்று உதவலாம், தப்பாகச் செய்கிறவரைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

வெயில் தாழ்ந்து, நாலரை ஐந்து மணிக்குமேல் தொடங்குவது நல்லது. ஈக்கள் வீடு திரும்பும் நேரம், வேலை முடிகிறபோது இருட்டும். மழை நாள் வேண்டவே வேண்டாம். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, புகைப்பானில் போட்டுப் பற்றவைத்து வாசலில் இரண்டு ஊது, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. புகை பட்டதும் ஈக்கள் தேனைக் குடிக்க ஓடும், எச்சரிக்கை வாசனையும் புகையில் மங்கிப்போகும். குளிர்ந்த வெள்ளைப் புகை போதும், அனல் வீசக் கூடாது. அப்புறம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்து கல்லையோ பலகையையோ மெல்ல எடுத்துத் திறப்பார்.

திறந்ததும் எட்டிப் பாருங்கள், ஒரு முகமூடி வலையை வாங்கிப் போட்டுக்கொண்டுதான். மேல்பக்கம் வெள்ளை மூடியிட்டிருப்பது தேன். அதற்குக் கீழே சிவப்பு, மஞ்சள், காவி என்று பல நிறத்தில் அறைகளில் அடைத்திருப்பது மகரந்தம். நடுவிலும் கீழேயும் காய்ந்த பழுப்பு மூடிக்குள் இருப்பது புழு. அந்தப் பழுப்பு அடைதான் கூட்டத்தின் உயிர், முட்டையிலிருந்து ஈயாக வெளியே வரச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டுத் தேனை மட்டும் பாத்திரத்தில் பிழிகிறவர் தேன் எடுக்க வந்தவர், தேனீயை எடுக்க வந்தவரில்லை. அந்த ஆளை அனுப்பிவிடுங்கள்.

தெரிந்தவர் ஒவ்வொரு புழு அடையாக அறுத்து, பெட்டிச் சட்டத்தில் பொருத்தி, வாழைநாரால் கட்டுவார்; மேல்புறம் மேலேயே இருக்கும்படி, தலைகீழாகாமல். இரண்டு மூன்று நாளில் ஈக்களே அடையைச் சட்டத்தோடு மெழுகு வைத்து ஒட்டி, நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வெளியே தள்ளிவிடும். இதற்கிடையில் கண் இராணியைத் தேடிக்கொண்டே இருக்கும். நீண்ட வயிறு, நிறம் கொஞ்சம் கறுப்பு, வெளிச்சத்தைக் கண்டால் ஒளியும். கிடைத்தால் சின்னக் கூண்டில் அடைத்துப் பெட்டிக்குள் வைப்பார், அப்புறம் மற்ற ஈக்களைக் கூப்பிட வேண்டியதில்லை. பெட்டி வாசலில் சில ஈக்கள் தலையைக் குனிந்து வயிற்றைத் தூக்கிச் சிறகடித்து வாசனை விட, மிச்சம் எல்லாம் நடந்தே உள்ளே போகும். அதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், குழந்தைகளை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் பதற்றத்தில் டார்ச் அடிப்பார்கள், அப்போது தேன்பெட்டிக்காரர் சொல்வது அனேகமாக இதுதான்: “எக்கா, அந்த லைட்ட அணச்சிட்டு உள்ள போங்க, ஈ எல்லாம் அடங்கட்டு.” சொன்னபடி கேளுங்கள்.

இருட்டினதும் வாசலை மூடிப் பெட்டியைக் கொண்டுபோவார். உங்கள் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ள ஆசையென்றால் அது வேறு கணக்கு: தேனீ இடத்தை மனதில் பதிந்துவைத்திருக்கும், முப்பது அடி தள்ளி வைத்தால் வெளியே போன ஈ பழைய சுவருக்கே வந்து நிற்கும். ஒன்று, அந்த இடத்திலேயே வைத்துத் தினமும் ஓரிரண்டு அடியாக நகர்த்த வேண்டும், இல்லையென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்காவது சில வாரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறினால் ஒரே ராத்திரியில் கூட்டம் ஓடிவிடும். ஆனி, ஆடி மழையில் இரை கிடைக்காது, அப்போது சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். அது முடியாது என்றால் பெட்டியை அவரிடமே கொடுத்துவிடுவது கூட்டத்துக்கு நல்லது.

சுவர் வேலை இன்னும் முடியவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் மெழுகு, சிந்தின தேன் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, அந்தப் பொந்தைக் கல்லும் சிமெண்டும் வைத்து முழுவதும் அடைக்க வேண்டும். வாசலை மட்டும் பூசிவிட்டு விட்டால் மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டம் வேறு இடுக்கு வழியாக நுழையும். ஈ உள்ளே இருக்கும்போது வாசலை அடைப்பது அதைவிட மோசம், வழி தேடி வீட்டுக்குள்ளே வந்துவிடும். மீட்டர் பெட்டியில் கட்டியிருந்தால் மின்வாரிய லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தின பிறகுதான் யாரும் கை வைக்க வேண்டும்.

சிறுதேனீ, கடந்தை, தச்சன் தேனீ

சிறுதேனீயை விட்டுவிடுங்கள் என்று சொல்வதோடு நிறுத்தலாம், ஆனால் வீட்டை இடிக்கப் போகிறவர்கள், சுவருக்குச் சிமெண்ட் பூசப் போகிறவர்கள் தயவுசெய்து தேன்பெட்டிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். இந்தத் தேனுக்கு மருந்து மதிப்பு என்று வைத்தியர்கள் தேடுவார்கள், விலையும் பெட்டித் தேனைவிடப் பல மடங்கு. சுவரை உடைக்காமலே மாற்றலாம்: குழாய் வாசலோடு ஒரு பிளாஸ்டிக் டியூப்பைப் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் விட்டு, பெட்டியின் எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை வைத்தால் ஈக்கள் பெட்டி வழியாகத்தான் வெளியே போய்வர முடியும். பழைய பிசின் குழாயைக் கிள்ளி அந்தப் புது ஓட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டால் வழி பழகிவிடும். மாதக்கணக்கில் ஆகும், மெல்ல மெல்லப் பெட்டிக்குள் மகரந்தச் சிமிழும் தேன் சிமிழும் கட்டும். நேராக எடுத்து மாற்றினால் முட்டை அறைகளைக் கவிழ்த்துவிடாதீர்கள், நீர்த்த உணவின்மேல் மிதக்கிற முட்டை மூழ்கிவிடும்.

கடந்தைக்கு 101. தாமதம் வேண்டாம், சொந்தமாக வித்தை வேண்டாம், ஊர்ப் பையன்களைக் கல்லெறிய விடவும் வேண்டாம்.

தச்சன் தேனீக்கு மரத்தை எண்ணெயோ பெயிண்டோ அடித்துப் பாதுகாத்தாலே போதும், பச்சையாக விட்ட மரத்தைத்தான் துளைக்கும். பேஷன் ஃப்ரூட் கொடி வைத்திருந்தால் அதன் பூவுக்குச் சரியான அளவு உடம்பு இதற்குத்தான் இருக்கிறது, ஒரு காய்ந்த மூங்கிலை வேலியில் கட்டிவிடுங்கள், கழுக்கோலை விட்டுவிட்டு அங்கே போக வாய்ப்பிருக்கிறது.

கொட்டிவிட்டால்

அந்த இடத்தை விட்டு முதலில் விலகுங்கள், வாசனைக்கு மற்றவை வரும் என்று சொன்னேன். கொடுக்கு தோலில் நிற்கும், அதன் விஷப்பை தனியாகத் துடித்து விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், ஆகவே எப்படி எடுப்பது என்று ஆராயாமல் நகத்தாலோ அட்டையாலோ உடனே எடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றின ஐஸ் வையுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன்னால் கழற்றுங்கள். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தடவாதீர்கள், தோல் வெந்துபோவது தனிக் கஷ்டம். கொட்டின இடத்தில் வீக்கமும் அரிப்பும் ஓரிரு நாள் இருப்பது இயல்பு.

ஆனால் கொட்டின இடம் காலாக இருக்க, உதடும் முகமும் வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, மூச்சு இழுக்கிறது, குரல் அடைக்கிறது, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் 108. ஒரே ஒரு கொட்டுக்கும் இது வரலாம். இதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கக் கூடாது. நிறையக் கொட்டு வாங்கினவர், குழந்தை, வயதானவர் இவர்கள் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் கூட்டிக்கொண்டு போங்கள். விஷம் சேர்ந்து சிறுநீரகத்தைத் தொடுவது சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியவரும்.

இனி வராமல் இருக்க, வந்தாலும் ஒத்துப்போக

ஐப்பசி, கார்த்திகையிலேயே வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடங்கள். சுவர் இடுக்கு, ஏசி பைப் போகிற ஓட்டை, தட்டுப்பலகை விலகின இடம், காலி மீட்டர் பெட்டி எல்லாவற்றையும் அடையுங்கள், கவிழ்த்துப்போட்ட பானையையும் பழைய டிரம்மையும் நிமிர்த்தி வையுங்கள். காற்றுப்போக்கிக்குக் கொசுவலை போதும்.

மாசி, பங்குனியில் துணி துவைக்கிற கல்லிலும் குழாயடியிலும் ஈ மொய்க்கிறது என்று பலரும் கூடு இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். அது தண்ணீருக்கு வருவது. தோட்டத்தின் கடைக்கோடியில் ஒரு மண்சட்டியில் கூழாங்கல் போட்டு, கல் தலைகாட்டுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதைத் தினமும் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் தொடங்கும் முன்னாலேயே வைக்க வேண்டும், ஒரு தடவை குழாயடியைப் பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

காய்கறிக்கு மருந்து அடிக்கிறவர்கள் பூ விரிந்திருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள், தவிர்க்க முடியாவிட்டால் ஈ அடங்கின பிறகு, சாயங்காலம் இருட்டுகிற வேளையில் அடியுங்கள். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முந்தின நாளே சொன்னால் அவர் வாசலை மூடி வைத்துக்கொள்வார்.